கல்லீரலுக்குத் திரும்பும் கொழுப்பு



நாற்பது வயதைத் தாண்டியவர்கள் சந்தித்துக்கொண்டால் கேட்கிற கேள்விகளில் ஒன்று, "கொலஸ்ட்ரால் பார்த்தீங்களா, எவ்வளவு இருக்கு?" என்பது. காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கிறோம். மாலையில் தாள் வருகிறது. எண் கொஞ்சம் கூடியிருந்தால் முட்டையை நிறுத்தலாமா, எண்ணெயை மாற்றலாமா, தேங்காய்ச் சட்னி ஆகுமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. அந்தக் கேள்விகளுக்கும் இடம் உண்டு. ஆனால் அவற்றுக்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. இரத்தத்தில் ஓடுகிற அந்தக் கொழுப்பை ஏற்றி அனுப்புவது எது? அதை இரத்தத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொள்வது எது?

இதற்கான விடை கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில்தான் கிடைத்தது. அதற்கு வழிகாட்டியவர்கள், மிக அரிய ஒரு பரம்பரை நோயால் பத்து வயதுக்குள் மாரடைப்புக்கு ஆளான சில பிள்ளைகள். இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் இரவு உணவுக்குப் பின் விழுங்கும் ஸ்டாட்டின் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பதை நாம் அறிந்துகொண்டது அவர்களுடைய தோலிலிருந்து எடுத்த செல்களால். அவர்களிடம் நாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. இதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இல்லாமல் முடியாத பொருள்

முதலில் ஒரு பழியைத் துடைத்துவிடுவோம். கொலஸ்ட்ரால் நஞ்சன்று. உடலின் ஒவ்வொரு செல்லின் உறையிலும் அது இருக்கிறது. அந்த உறை அளவுக்கு மீறி இளகாமலும் இறுகாமலும் காப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்களும், கார்ட்டிசாலும், ஆண் பெண் பால் ஹார்மோன்களும் அதிலிருந்தே உருவாகின்றன. உடலில் உள்ள மொத்தக் கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மூளையில் மட்டும் இருக்கிறது.

இவ்வளவு முக்கியமான பொருளை உணவை மட்டும் நம்பி உடல் விட்டுவைக்கவில்லை. பெரும்பகுதியைத் தானே செய்துகொள்கிறது. கொலஸ்ட்ரால் மூலக்கூறில் 27 கார்பன் அணுக்கள். அத்தனையும் அசிட்டேட் என்ற இரண்டு கார்பன் கொண்ட சிறு மூலக்கூறிலிருந்து கோக்கப்பட்டவை என்று கோன்ராட் பிளாக் காட்டினார். ஏறத்தாழ 30 வேதிப் படிகள் கொண்ட நீண்ட வழி அது. அதை வெளிப்படுத்தியதற்காகப் பிளாக்குக்கும் ஃபியோடர் லினெனுக்கும் 1964இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியில் எச்எம்ஜி கோஏ ரிடக்டேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. உற்பத்தியின் வேகத்தைத் தீர்மானிப்பது அதுதான். இந்தப் பேச்சு முடியும்வரை ரிடக்டேஸ் என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்துகொள்வது உடலுக்கு எளிது. சிக்கல் அதன் பிறகுதான். முதல் சிக்கல், கொலஸ்ட்ரால் நீரில் கரையாது. இரத்தமோ பெரும்பாலும் நீர். ரசத்தின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல் இரத்தத்தின் மேல் கொழுப்பு மிதந்தால் நம்மால் ஒரு நாள்கூட உயிர் வாழ முடியாது. இரண்டாவது சிக்கல், கொலஸ்ட்ராலின் வளைய அமைப்பை உடைக்கும் நொதி மனித உடலில் இல்லை. சர்க்கரையையும் சாதாரணக் கொழுப்பையும் எரித்துத் தீர்ப்பதுபோல் இதை எரிக்க முடியாது. உடலை விட்டு அது போவதற்குள்ள பெருவழி ஒன்றே: கல்லீரலுக்கு வந்து, பித்தத்தோடு குடலுக்கு இறங்கி, வெளியேற வேண்டும். ஆகவே கொலஸ்ட்ராலின் கதை முழுவதும் போக்குவரத்தின் கதை.

முயல்களும் மையவிலக்கியும்

1913இல் ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிக்கோலாய் அனிச்கோவ் என்ற இளம் மருத்துவர், தூய கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். முயல்களின் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறியது. தமனிச் சுவர்களில், மனிதரின் தமனிகளில் காணப்படுவதைப் போன்ற கொழுப்புப் படிவுகள் தோன்றின. ஆனால் எலிக்கும் நாய்க்கும் அதே உணவைக் கொடுத்தால் அப்படி நடக்கவில்லை. ஆகவே பலர் இதை முயலின் விசேஷம் என்று ஒதுக்கிவிட்டார்கள். எலியும் நாயும் தாம் உண்ட கொலஸ்ட்ராலை விரைவாக அகற்றிவிடுகின்றன என்பது அப்போது தெரியாது.

அடுத்த பெரிய அடி 1950இல் விழுந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜான் காஃப்மன் அதிவேக மையவிலக்கியில் இரத்த நீரைச் சுழற்றினார். கொலஸ்ட்ரால் தனியாகத் திரிவதில்லை, புரதமும் கொழுப்பும் சேர்ந்த துகள்களில் ஏறிப் பயணம் செய்கிறது என்பதும், அந்தத் துகள்களை அடர்த்தியைக் கொண்டு பிரிக்கலாம் என்பதும் தெளிவாயின. அடர்த்தி குறைந்தது எல்டிஎல், அடர்த்தி மிகுந்தது ஹெச்டிஎல். இன்று நம் பரிசோதனைத் தாளில் இருக்கும் பெயர்கள் இவைதான். எல்டிஎல் மிகுந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருவதையும் காஃப்மன் கண்டார்.

இந்தத் துகள்கள் எங்கிருந்து வருகின்றன? எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட சில மணி நேரத்தில் ஒருவரிடம் இரத்தம் எடுத்து வைத்தால், மேலே தெளியும் நீர் பால்போல் கலங்கியிருக்கும். குடல் அனுப்பிய கைலோமைக்ரான் என்னும் பெரிய துகள்கள்தாம் அந்த வெண்மைக்குக் காரணம். அவை சில மணி நேரத்தில் கரைந்துவிடும். உணவு இல்லாத நேரத்திலும் கல்லீரல் தன் பங்குக்கு விஎல்டிஎல் என்ற துகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தசையும் கொழுப்புத் திசுவும் தமக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களை அதிலிருந்து எடுத்துக்கொண்ட பின் மிஞ்சுவதே எல்டிஎல். ஒரு எல்டிஎல் துகளின் குறுக்களவு சுமார் 22 நானோமீட்டர். நடுவில் எஸ்டர் வடிவில் ஏறத்தாழ 1,500 கொலஸ்ட்ரால் மூலக்கூறுகள். மேலே பாஸ்போலிப்பிட் உறை. அதைச் சுற்றி அப்போ பி-100 என்ற ஒரே ஒரு நீண்ட புரதம். அதில் 4,536 அமினோ அமிலங்கள். துகளுக்கு முகவரி கொடுப்பது அந்தப் புரதம்தான்.

தோல் செல்கள் சொன்ன உண்மை

இனி அந்தப் பிள்ளைகளிடம் வருவோம். சில குடும்பங்களில் பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிகுந்து இளவயதில் மாரடைப்பு வருவதை 1930களின் இறுதியில் நார்வேயின் கார்ல் முல்லர் விவரித்தார். 1964இல் பெய்ரூத்தில் அவெடிஸ் கச்சதூரியன், உறவுமுறைத் திருமணம் மிகுந்த லெபனான் குடும்பங்களை ஆராய்ந்து, நோய் இரண்டு படியில் இருப்பதைக் காட்டினார். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதான மரபணு வந்தால் எல்டிஎல் இரண்டு மூன்று மடங்கு ஏறும். மாரடைப்பு நாற்பது ஐம்பது வயதில் வரும். இருவரிடமிருந்தும் வந்தால் ஆறு மடங்குக்கு மேல் ஏறும். பிள்ளைப் பருவத்திலேயே முழங்கையிலும் முழங்காலிலும் விரல் கணுக்களிலும் மஞ்சள் நிறக் கட்டிகள் தோன்றும். மாரடைப்பு இருபது வயதுக்குள்ளேயே வரும்.

1968 வாக்கில் அமெரிக்காவின் தேசிய இதய நிறுவனத்தில் டொனால்ட் ஃபிரெட்ரிக்சனின் பிரிவில் இப்படிப்பட்ட உடன்பிறப்புகள் இருவர் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அங்கே பணியாற்றிய இளம் மருத்துவர் ஜோசஃப் கோல்ட்ஸ்டீன் அவர்களைப் பார்த்தார். பாஸ்டனில் தம்மோடு பயிற்சி மருத்துவராக இருந்த மைக்கேல் பிரவுனிடம் சொன்னார். ஒரே ஒரு மரபணு கெட்டுப்போனால் ஒரு பிள்ளைக்கு மாரடைப்பு வருமென்றால், அந்த மரபணு என்ன செய்கிறது என்று கண்டுபிடித்தால் மாரடைப்பின் வேரையே காணலாம் அல்லவா? இருவரும் டெக்சாஸ் மாநிலம் டல்லஸில் உள்ள மருத்துவக் கல்லூரிக்குப் போய், ஒரே ஆய்வுக்கூடம் நடத்தினார்கள்.

அவர்கள் செய்த சோதனையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மாணவர்கள் கவனிக்க வேண்டும். நோயாளியின் தோலில் சிறு துண்டு எடுத்து அந்தச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். பக்கத்துத் தட்டில் நோயில்லாதவரின் தோல் செல்கள். இரண்டிலும் ரிடக்டேஸ் நொதியின் வேகத்தை அளந்தார்கள். நோயில்லாத செல்களைச் சூழ்ந்த திரவத்தில் எல்டிஎல் இருந்தவரை நொதி அடங்கிக் கிடந்தது. எல்டிஎல்லை நீக்கியதும் எழுந்தது. திரும்பச் சேர்த்ததும் அடங்கியது. நோயுற்ற செல்களிலோ நொதி எப்போதும் முழு வேகத்தில் ஓடியது. எவ்வளவு எல்டிஎல் சேர்த்தாலும் அசைந்து கொடுக்கவில்லை.

நொதிதான் கெட்டுப்போயிருக்கிறது என்று யாரும் முடிவு கட்டிவிடுவார்கள். அவர்கள் இன்னொரு படி போனார்கள். துகளை விட்டுவிட்டு வெறும் கொலஸ்ட்ராலை ஆல்கஹாலில் கரைத்து ஊற்றினார்கள். அது செல்லுறையைத் தானே ஊடுருவி உள்ளே போய்விடும். இப்போது நோயுற்ற செல்களிலும் நொதி அடங்கியது! அப்படியென்றால் நொதியில் பழுதில்லை. துகளில் இருக்கும் கொலஸ்ட்ரால் உள்ளே போகாததே பழுது. 1974இல் கதிரியக்க அயோடின் பூசிய எல்டிஎல்லைக் கொண்டு சோதித்தபோது ஐயம் தீர்ந்தது. நோயில்லாத செல்களின் மேற்பரப்பு அதைப் பற்றிக்கொண்டது. நோயுற்ற செல்கள் பற்றவில்லை. செல்லின் மேல் எல்டிஎல்லைப் பிடிக்கும் ஏற்பி என்ற புரதம் இருக்கிறது, அந்தப் பிள்ளைகளிடம் இல்லாதது அதுதான் என்று தெரிந்தது.

ரிச்சர்ட் ஆண்டர்சனோடு சேர்ந்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது ஏற்பிகள் செல்லுறையின் சிறு குழிகளில் கூடியிருந்தன. குழி சில நிமிடங்களில் உள்வாங்கிப் பையாகிறது. உள்ளே அமிலத்தன்மை கூட, ஏற்பி தன் சுமையை விட்டுவிட்டு மேற்பரப்புக்குத் திரும்புகிறது. எல்டிஎல் லைசோசோம் என்ற செரிமானப் பைக்குப் போய்ச் சிதைந்து, கொலஸ்ட்ரால் விடுபடுகிறது. ஓர் ஏற்பி இந்தச் சுற்றைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முடிக்கிறது. தன் ஆயுளில் நூற்றுக்கணக்கான முறை போய்வருகிறது. 1985இல் பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தோல் செல்லில் கண்டது உடம்புக்குப் பொருந்துமா? அதற்கும் ஒரு குழந்தைதான் சாட்சி சொன்னாள். இரு மரபணுக்களும் பழுதான டெக்சாஸ் சிறுமி ஒருத்தி ஆறு வயதுக்குள் பலமுறை மாரடைப்பைக் கண்டிருந்தாள். 1984 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் நகரில் தாமஸ் ஸ்டார்ஸ்ல் குழுவினர் அவளுக்கு இதயத்தோடு கல்லீரலையும் மாற்றிப் பொருத்தினார்கள். 1,000 மில்லிகிராமுக்கு மேல் இருந்த கொலஸ்ட்ரால் 300 அளவுக்கு இறங்கியது. புதிய கல்லீரல் கொண்டுவந்த ஏற்பிகள் இரத்தத்திலிருந்த எல்டிஎல்லை இழுத்துக்கொண்டன. எல்டிஎல்லை அகற்றுவதில் முதலிடம் கல்லீரலுக்கே என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. அவள் இன்னும் ஆறேழு ஆண்டுகள் வாழ்ந்தாள்.

பூஞ்சையிலிருந்து வந்த மருந்து

பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் ஏற்பியைத் தேடிக்கொண்டிருந்த அதே காலத்தில் டோக்கியோவில் சாங்க்யோ நிறுவனத்தில் அகிரா எண்டோ என்ற உயிர்வேதியியலாளர் வேறு வழியில் வந்துகொண்டிருந்தார். அவர் அக்கிதா மாவட்டத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. சிறு வயது முதலே பூஞ்சைகள் மேல் ஆர்வம். பெனிசிலின் தந்த பூஞ்சை, ரிடக்டேஸைத் தடுக்கும் பொருளையும் தராதா என்று எண்ணி 1971இல் தொடங்கி 6,000க்கும் மேற்பட்ட நுண்ணுயிர் வகைகளைச் சோதித்தார். 1973இல், கியோத்தோ நகரத்து அரிசிக் கடை ஒன்றிலிருந்து கிடைத்த நீலப்பச்சைப் பூஞ்சையில் தேடியது கிடைத்தது. அதுவே காம்பாக்டின், முதல் ஸ்டாட்டின்.

எலிகளுக்குக் கொடுத்தார்கள், கொலஸ்ட்ரால் இறங்கவில்லை. அத்தோடு கைவிடப்பட்டிருக்கும். எண்டோ விடவில்லை. முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பாதியளவுக்கு இறங்கியது. 1978இல் ஒசாகாவில் மருத்துவர் அகிரா யமமோட்டோ அதை முதன்முதல் கொடுத்ததும் இந்தப் பரம்பரை நோயுள்ள ஓர் இளம்பெண்ணுக்குத்தான். பின்னர் விலங்குச் சோதனை ஒன்றில் எழுந்த ஐயத்தால் சாங்க்யோ காம்பாக்டினை நிறுத்திவிட்டது. அதே இனத்தைச் சேர்ந்த லோவாஸ்டாட்டினை மெர்க் நிறுவனம் வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்தது. 1987இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஸ்டாட்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். அதன் பெரிய பயன் வேறு. உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் செல்லுக்குள் கொலஸ்ட்ராலுக்குத் தட்டுப்பாடு வருகிறது. அதை உணரும் புரதங்கள் உட்கருவுக்குச் செய்தி அனுப்புகின்றன. செல் கூடுதலான ஏற்பிகளைச் செய்து மேற்பரப்பில் நிறுத்துகிறது. அவை இரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுக்கின்றன. இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு நுட்பமானது என்பதை 2008இல் அருண் ராதாகிருஷ்ணன், பிரவுன், கோல்ட்ஸ்டீன் குழுவினர் அளந்தார்கள். செல்லுக்குள் உள்ள எண்டோபிளாச வலையின் கொழுப்பில் கொலஸ்ட்ரால் 5 சதவீதத்தைத் தொட்டால் உற்பத்திச் செய்தி நின்றுபோகிறது. அதற்குக் கீழே வந்தால் தொடர்கிறது.

பயன் உயிரில் தெரிந்தது. இதய நோயுள்ள 4,444 பேரைக் கொண்டு ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. ஐந்தாண்டுக்கு மேல் சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களில் இறப்பு 30 சதவீதம் குறைந்திருந்தது.

அடுத்த வெளிச்சமும் குடும்பங்களிலிருந்தே வந்தது. 2003இல் பாரிஸ் ஆய்வாளர்கள், எல்டிஎல் மிகுந்த சில பிரெஞ்சுக் குடும்பங்களில் பிசிஎஸ்கே9 என்ற மரபணு மிகைப்பட வேலை செய்வதைக் கண்டார்கள். அதன் புரதம் ஏற்பியோடு ஒட்டிக்கொண்டு, அது மேற்பரப்புக்குத் திரும்பாமல் அழியச் செய்கிறது. டல்லஸில் ஹெலன் ஹாப்ஸும் ஜொனாதன் கோஹனும் எதிர்ப்புறம் தேடினார்கள்: இந்த மரபணு செயலிழந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள்? ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் ஏறத்தாழ நாற்பதில் ஒருவருக்கு அப்படி இருந்தது. அவர்களுடைய எல்டிஎல் 28 சதவீதம் குறைவு. இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவு. எல்டிஎல் பிறவியிலிருந்தே தாழ்ந்திருந்தால் எவ்வளவு பாதுகாப்பு என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்கின்றன. 2015இல் பிசிஎஸ்கே9 புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் வந்தன.

"நல்ல கொழுப்பு" என்று நாம் சொல்லும் ஹெச்டிஎல் பற்றியும் ஒரு வார்த்தை. திசுக்களில் மிகுந்த கொலஸ்ட்ராலைக் கல்லீரலுக்குக் கொண்டுவருவதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் அந்த எண்ணை மருந்தால் உயர்த்தினால் போதும் என்ற நம்பிக்கை 2006 டிசம்பரில் உடைந்தது. டார்செட்ராபிப் என்ற மருந்து ஹெச்டிஎல்லை 70 சதவீதத்துக்கு மேல் உயர்த்தியும், எடுத்துக்கொண்டவர்களில் இறப்பு கூடியதால் ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. ஆகவே "எனக்கு நல்ல கொழுப்பு நிறைய இருக்கிறது, கெட்டது கூடினால் பரவாயில்லை" என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம்.

தீராத கடன்

இப்போது தொடக்கத்தில் சொன்ன கடனுக்கு வருகிறேன். ஸ்டாட்டின் வேலை செய்ய ஏற்பி வேண்டும். இரு மரபணுக்களும் முற்றிலும் பழுதான பிள்ளைகளிடம் ஏற்பியே இல்லை. யாருடைய செல்களிலிருந்து இந்த அறிவு பிறந்ததோ, அவர்களுக்கே அந்த மாத்திரை மிகக் குறைவாகப் பயன்பட்டது. இரத்தத்தைப் பிரித்து எல்டிஎல்லை வடிகட்டும் சிகிச்சையே நெடுங்காலம் அவர்களுக்குத் துணையாக இருந்தது. ஏற்பியின் உதவியில்லாமலே எல்டிஎல்லைக் குறைக்கும் எவினாக்குமாப் என்ற மருந்து 2021இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் விலை சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாதது.

ஒரு மரபணு மட்டும் பழுதானவர்கள் அரியவர்கள் அல்லர். உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் அப்படிப் பிறக்கிறார். சிகிச்சை இல்லாவிட்டால் அவர்களில் ஆண்களில் பாதிப்பேருக்கு 50 வயதுக்குள் இதய நோய் வந்துவிடும். இவர்களுக்கு ஸ்டாட்டின் நன்றாக வேலை செய்யும். அது விலை குறைந்த மாத்திரை. எந்த ஊர் மருந்துக்கடையிலும் கிடைக்கும். ஆனால் பெரும்பாலோருக்குத் தமக்கு இந்த நோய் இருப்பதே தெரியாது. "சின்ன வயசுலயே நெஞ்சுவலி, விதி" என்று ஒரு தலைமுறையைப் புதைத்துவிட்டு அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்கிறோம்.

நம் ஊருக்கு இதில் தனிக் கவலை உண்டு. உறவுக்குள் திருமணம் இந்தியாவிலேயே மிகுந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அத்தை மகனும் மாமன் மகளும் மணந்துகொள்வதால் இந்த மரபணு புதிதாகப் பிறந்துவிடாது. ஆனால் ஒரே பாட்டன் வழியில் அது இருவருக்கும் வந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, இரண்டு பழுதையும் சேர்த்துப் பெற. பெய்ரூத்தில் கச்சதூரியன் கண்டது இதைத்தான்.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவே. உங்கள் குடும்பத்தில் ஆண் யாருக்காவது 55 வயதுக்குள்ளோ, பெண் யாருக்காவது 60 வயதுக்குள்ளோ மாரடைப்பு வந்திருந்தால், அவருடைய உடன்பிறந்தார், பிள்ளைகள் எல்லோருக்கும் கொலஸ்ட்ரால் பாருங்கள். குழந்தைக்கு எதற்கு என்று தள்ளிப்போடாதீர்கள். பெரியவர்களுக்கு எல்டிஎல் 190க்கு மேல் இருந்தால் உணவை மட்டும் குறை சொல்லாமல் பரம்பரையைக் கேளுங்கள். குதிகால் தசைநாணில் தடிப்பு, விரல் கணுவில் மஞ்சள் கட்டி தெரிந்தால் தோல் நோய் என்று களிம்பு தடவிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவ நண்பர்களே, இளவயது மாரடைப்போடு ஒருவர் உங்களிடம் வந்தால் அவரோடு வந்திருக்கும் குடும்பத்தையும் உங்கள் நோயாளியாக எண்ணுங்கள். பரிசோதனைக்கு ஆகும் செலவு சிறிது. காப்பாற்றப்படுவது ஒரு வீட்டின் அடுத்த தலைமுறை.